எதிர்காலம் ஏற்கெனவே இருக்கிறதா?

நாளை நடக்கப்போவது முன்பே தீர்மானிக்கப்பட்டதா என்ற கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இன்றைய நிலைமை நாளைய நிகழ்ச்சியைக் கட்டாயமாக்குகிறதா என்பது ஒன்று. நாளை என்பது ஏற்கெனவே இருக்கிறதா என்பது மற்றொன்று. முன்னது காரண நியதிவாதம். பின்னது காலத்தை நான்காவது பரிமாணமாகக் கொள்வதிலிருந்து எழுவது. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதே இந்த விவாதத்தில் பெரும் குழப்பத்தை உண்டாக்குகிறது.

நியதிவாதத்துக்கு வலுவூட்டியது நியூட்டனின் இயக்கவியல். 1687இல் அவர் வெளியிட்ட விதிகளைக் கொண்டு கோள்களின் வருங்கால இடங்களைக் கணக்கிட முடிந்தது. பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் 1814இல் இதன் எல்லைவரை சென்றார். உலகிலுள்ள ஒவ்வொரு துகளின் இடத்தையும், அவற்றின் மீது செயல்படும் விசைகளையும் ஒரே கணத்தில் அறிந்த பேரறிவு ஒன்று இருந்தால், அதற்கு எதிர்காலமும் கடந்தகாலம் போலவே வெளிப்படையாகத் தெரியும் என்றார். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. லாப்லாஸின் உலகில் காலம் நியூட்டன் சொன்னபடியே எங்கும் ஒரே சீராக ஓடுகிறது. நாளை இன்னும் பிறக்கவில்லை. எப்படிப் பிறக்கும் என்பது மட்டுமே உறுதி.

இரண்டாவது கேள்வியைக் கூர்மையாக்கியவர் ஹெர்மன் மின்கோவ்ஸ்கி. சூரிச்சில் ஐன்ஸ்டீனுக்குக் கணிதம் கற்பித்தவர் இவர். ஐன்ஸ்டீன் 1905இல் வெளியிட்ட சிறப்புச் சார்பியல் கோட்பாட்டுக்கு, 1908 செப்டம்பரில் கொலோன் நகரில் ஆற்றிய உரையில் வடிவியல் உருவம் கொடுத்தார். திருமண அழைப்பிதழில் மண்டபத்தின் முகவரியோடு முகூர்த்த நேரமும் இருக்கிறது. எந்த நிகழ்ச்சியையும் குறிப்பிட இடத்துக்கு மூன்று எண்களும் நேரத்துக்கு ஓர் எண்ணும் வேண்டும் என்பது நியூட்டனுக்கும் உடன்பாடுதான். மின்கோவ்ஸ்கி சொன்னது அதைவிடப் பெரிது. வெளியும் காலமும் சேர்ந்த ஒரே அமைப்புதான் இருக்கிறது. அதில் எது வெளி, எது காலம் என்று பிரிப்பது பார்ப்பவரின் இயக்கத்தைப் பொறுத்தது. இந்தக் கணக்கில் ஒரு வினாடி, சுமார் 3 லட்சம் கிலோமீட்டருக்கு ஈடு.

விளைவு வியப்பானது. ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலம் பூமியிலிருந்து சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் உள்ளது. தெருவில் ஒருவர் நிற்கிறார். இன்னொருவர் ஆண்ட்ரோமீடா இருக்கும் திசையில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அவரைக் கடந்து நடக்கிறார். நிற்பவரின் கணக்குப்படி ஆண்ட்ரோமீடாவில் ‘இப்போது’ நடப்பதும், நடப்பவரின் கணக்குப்படி அங்கே ‘இப்போது’ நடப்பதும் ஒன்றல்ல. நான்கு நாளுக்கு மேல் வித்தியாசம் உண்டு. ஒருவருக்கு இன்னும் நிகழாத ஒன்று மற்றவருக்கு நிகழ்ந்து முடிந்ததாகிறது. அப்படியானால் கடந்தது, நிகழ்வது, வருவது எல்லாம் ஒரே பாளமாக ஏற்கெனவே இருப்பதாகத்தான் கொள்ள வேண்டும் என்று இயற்பியலாளர் ரீட்டெய்க் 1966இலும் தத்துவ அறிஞர் ஹிலரி பட்னம் 1967இலும் வாதிட்டனர்.

தத்துவ அறிஞர் ஹோவர்ட் ஸ்டைன் இதை ஏற்கவில்லை. ஒளியாண்டுகளுக்கு அப்பால் ‘இப்போது’ என்ற சொல்லுக்கே உறுதியான பொருள் இல்லாதபோது அதை வைத்து எதையும் நிறுவ முடியாது என்றார். இது வலுவான மறுப்பு. மேலும், பார்ப்பவருக்கேற்ப முன்பின் மாறுவது ஒன்றையொன்று பாதிக்க முடியாத நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே. காரணம் முந்தி, காரியம் பிந்தி என்ற வரிசை எல்லோருக்கும் ஒன்றே.

பாளக் கொள்கை சரி என்றே வைத்துக்கொண்டாலும், அதிலிருந்து நியதிவாதம் கிடைத்துவிடாது. ரேடியம்-226 அணுக்களில் பாதி, சுமார் 1,600 ஆண்டுகளில் சிதைகின்றன. ஆனால் குறிப்பிட்ட ஓர் அணு எப்போது சிதையும் என்று சொல்ல குவாண்டம் கோட்பாட்டில் வழியில்லை. அந்தச் சிதைவு நான்கு பரிமாணப் பாளத்தில் ஓரிடத்தில் இருக்கலாம். ஆனால் அதற்கு முந்தைய நிலையிலிருந்து அதை வருவிக்க முடியாது. இருப்பது வேறு, கட்டாயமாக்கப்படுவது வேறு. இயற்பியலாளர் டேவிட் போம் 1952இல் குவாண்டம் உலகுக்கும் நியதியோடு கூடிய விளக்கம் ஒன்றைத் தந்தார் என்பதால், நியதிவாதமும் முற்றாக வீழ்ந்துவிடவில்லை.

இரண்டு கொள்கைகளையும் ஒருங்கே ஏற்றவர்களும் உண்டு. பண்டைய இந்தியச் சமயப் பிரிவினரான ஆசீவகர்கள், எல்லாம் நியதிப்படியே நிகழும் என்றனர். தமிழில் அவர்களோடு வாதிடும் சமண நூலான நீலகேசியும் அதன் உரையும், ‘அவிசலித நித்தியத்துவம்’, அதாவது அசைவற்ற நிலைபேறு, என்ற கருத்தையும் அவர்களுடையதாகச் சொல்கின்றன. நியதியும் அசையாக் காலமும் ஒரே மரபில் சேர்ந்திருந்தன. ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்று தானாக வருவதில்லை.

எதிர்காலம் ஏற்கெனவே இருக்கிறதென்றால் முயற்சி எதற்கு என்று சோர்வது தவறு. பாளத்தில் தேர்வு முடிவு மட்டும் தனியே இல்லை. அதற்குமுன் கண்விழித்துப் படித்த இரவுகளும் அங்கேயே இருக்கின்றன. அந்த இரவுகள் இல்லாவிட்டால் முடிவும் வேறாகத்தான் இருந்திருக்கும்.

தீராமல் நிற்பது ‘இப்போது’ என்ற அனுபவம். அது தன்னை மிகவும் கவலைப்படுத்துவதாக ஐன்ஸ்டீன் சொன்னதை, தத்துவ அறிஞர் ருடால்ஃப் கார்னாப் தன் வாழ்க்கைக் குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். இயற்பியலின் அடிப்படைச் சமன்பாடுகளில் அந்தச் சொல்லுக்கு இன்றுவரை இடமில்லை.