வண்ண மீன் தொட்டியில் வடிகட்டி மக்கர் செய்தால்



சென்னை கொளத்தூர் வட்டாரத்தில் வீட்டுக் கொல்லையிலேயே சிமெண்ட் தொட்டி கட்டி, கப்பி, மோலி, பிளாட்டி என்று வளர்த்து விற்கிறார்கள். மற்ற ஊர்களிலும் மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் நாலு தொட்டி போட்டவர்கள் இருக்கிறார்கள். இப்படி வளர்ப்பவர்கள் சொல்லும் புகார் ஒன்று உண்டு. "வடிகட்டி அடைச்சுக்கிச்சுன்னு ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணியில நல்லா அலசிப் பிழிஞ்சு போட்டேன். தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு. ஆனா மூணாம் நாள் மீனெல்லாம் செத்து மிதக்குது."

மீனிலும் கோளாறு இல்லை, தீனியிலும் கோளாறு இல்லை. அலசிய தண்ணீரில்தான் இருக்கிறது.

வயலில் யூரியா போடுகிறீர்கள். அது அம்மோனியாவாக மாறி, மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாகிப் பயிருக்குப் போகிறது அல்லவா? தொட்டியிலும் அதே கதைதான். மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியாவாகின்றன. அது மீனுக்கு விஷம். ஸ்பாஞ்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஸ்பாஞ்சில் வழவழவென்று பழுப்பாக இருக்கிறதே, அதை அழுக்கு என்று நினைக்காதீர்கள். அதில்தான் அந்த உயிர்கள் இருக்கின்றன. பிளீச்சிங் பவுடர் போட்ட குழாய்த் தண்ணீர் பட்டால் அவை செத்துப் போகும். திரும்ப வளர 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் மீன் தாங்காது.

அப்படியானால் ஸ்பாஞ்சைக் கழுவவே கூடாதா? கழுவலாம். தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் மொண்டு, அதில் இரண்டு மூன்று தடவை லேசாகப் பிழிந்தால் போதும். புதுசு மாதிரி ஆகணும்னு கசக்க வேண்டாம். தொட்டியில் இரண்டு ஸ்பாஞ்ச் இருந்தால் இன்றைக்கு ஒன்று, இரண்டு வாரம் கழித்து மற்றது.

இனி, குமிழி குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள். காற்றுக் குழாயை மோட்டாரிலிருந்து கழற்றி, வாயில் விரலை வைத்துப் பாருங்கள். காற்று பலமாக வந்தால் மோட்டார் நல்லாத்தான் இருக்கு. குழாய் எங்காவது மடங்கியிருக்கும், அல்லது காற்றுக் கல் அடைத்திருக்கும். உப்புத் தண்ணீர் உள்ள ஊர்களில் கல்லின் மேல் வெள்ளையாகப் படிந்துவிடும். கல்லை வெளியே எடுத்து வினிகரில் ஓர் இரவு ஊறப்போட்டு, நன்றாக அலசிப் போடலாம். அதிலும் சரிவராவிட்டால் வேறு கல் வாங்குவதே மேல். காற்றே மெலிசாக வந்தால், மோட்டாருக்குள் இருக்கும் ரப்பர் கிழிந்திருக்கலாம். அதை மட்டும் மாற்றலாம். பலர் இது தெரியாமல் மோட்டாரையே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

எதைத் தொடுவதற்கு முன்னாலும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஈரக் கையும் மின்சாரமும் சேரக் கூடாது. மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள். கீழே வைத்தால் கரண்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி மோட்டாருக்குள் இறங்கிவிடும்.

தண்ணீர் பச்சையாகிவிட்டால் வடிகட்டியைத் திட்டிப் பயனில்லை, அது பாசி. மேலே கீற்றுப் போட்டு வெயிலைக் குறையுங்கள். புதுத் தொட்டியில் பால் கலந்தது போல் வெள்ளையாகத் தெரிந்தால் தீனியைக் குறைத்துவிட்டுப் பொறுத்திருங்கள்.

நோய் மருந்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மெத்திலீன் நீலம் போன்றவை ஸ்பாஞ்ச் உயிர்களையும் பாதிக்கும். சீக்கு வந்த மீனைத் தனித் தொட்டியில் விட்டு அங்கே மருந்து போடுங்கள்.

சரி, ஸ்பாஞ்சைக் கழுவிக் கெடுத்தாகிவிட்டது, மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குகிறது. என்ன செய்வது? தீனியை நிறுத்துங்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, ஒரு நாள் திறந்து வைத்திருந்த தண்ணீரை ஊற்றுங்கள். மீன் தெளியும் வரை தினமும் இப்படிச் செய்யலாம். 1000 லிட்டருக்கு 1 கிலோ கல்லுப்பைக் கரைத்து ஒரே ஒரு தடவை ஊற்றினால் நைட்ரைட்டின் கடுமை குறையும். எடுத்த தண்ணீரை, உப்புப் போடுவதற்கு முந்தியதாக இருந்தால், வாழைக்கோ கீரைப் பாத்திக்கோ விடலாம்.

பாலுக்கு உறைமோர் ஊற்றுகிற மாதிரி ஒரு வழியும் இருக்கிறது. சீக்கு இல்லாத பழைய தொட்டியின் ஸ்பாஞ்சை எடுத்து, கெட்டுப்போன தொட்டியில் பிழிந்து விடுங்கள். இதற்காகவே நல்ல தொட்டி ஒன்றில் உபரியாக ஒரு ஸ்பாஞ்சை எப்போதும் ஓடவிட்டு வைத்திருங்கள். புதுத் தொட்டி போடும்போது அதைத் தூக்கி அங்கே வைத்துக்கொள்ளலாம்.