உறுமிக்கும் இணையத்துக்கும் இடையே 11 மில்லிநொடி

மலேசியாவின் கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டக் கோயில்களில் உறுமி மேளம் முழங்கும்போது பாருங்கள், வாசிப்பவர்கள் நெருங்கித்தான் நிற்பார்கள். காரணம் இருக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். 10 மீட்டர் தள்ளி நிற்பவரின் அடி 29 மில்லிநொடி கழித்தே காதில் விழும். இன்னும் விலகினால் தாளம் இழுக்கும்.

வெவ்வேறு ஊர்களில் இருந்தபடி இணையம் வழியே சேர்ந்து வாசிக்க நினைப்பவர்களுக்கும் இதே தாமதம்தான் தடை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் சேஃப் குழுவினர், இருவரைத் தனித்தனி அறைகளில் வைத்துக் கைதட்டச் சொல்லி ஆராய்ந்து, 2004இல் முடிவை வெளியிட்டார்கள். தாமதம் 11 மில்லிநொடியை ஒட்டி இருந்தால் காலப்பிரமாணம் நிலைத்து நிற்கிறது. கூடினால் தளர்கிறது. குறைந்தாலோ, வியப்பாக, ஓட்டம் பிடிக்கிறது!

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். அதே வட்டாரத்துப் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து கிள்ளானுக்கு 1 மில்லிநொடிகூட ஆகாது. லண்டனுக்கு நேர்கோட்டிலேயே 50ஐத் தாண்டும். ஆக, பக்கத்து ஊர் நண்பரோடு வாசிக்கத் தொலைவு ஒரு பொருட்டே இல்லை. நேரத்தைத் தின்பவை வைஃபையும் கணினியும் காணொளிச் செயலிகளும்தான். மனிதக் குரலுக்காகச் செய்யப்பட்ட அந்தச் செயலிகள், உறுமியின் நீண்ட முழக்கத்தை இரைச்சலென்று வெட்டிவிடக்கூடும்.

இசையைத் தொலைவுக்கு அனுப்பும் ஆசை பழையது. தாடியஸ் கேஹில் 1906இல் நியூயார்க்கில் தம் 200 டன் மின்னிசைக் கருவியைத் தொலைபேசிக் கம்பிகளில் ஒலிக்கவிட்டார். 1987இல் 'தி ஹப்' என்ற கணினி இசைக் குழுவினர் அதே நகரின் இரண்டு அரங்குகளைத் தொலைபேசி மோடத்தால் இணைத்து வாசித்தார்கள்.

மின்னிசைக்கு இந்தியாவிலும் முன்னோடிகள் உண்டு. 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்கர் டேவிட் டியூடர் மூக் சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவியை நிறுவினார். அதில் இசை செய்தவர்களில் ஒருவர் கீதா சாராபாய். பக்வாஜ் வாசித்தவர், 1946இல் நியூயார்க்கில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்தவர். அதுல் தேசாய், அப்போது மாணவப் பருவத்தில் இருந்த ஜின்ராஜ் ஜோஷிபுரா போன்றோரும் அங்கே உழைத்தார்கள். சில ஆண்டுகளில் எல்லாம் அடங்கிப்போனது. ஒலிநாடாக்கள் காப்பகத்தில் கிடந்தன. பிரிட்டிஷ் கலைஞர் பால் பர்கஸ் அவற்றைத் தேடியெடுத்த பிறகு, 2023இல்தான் அவை இசைத்தொகுப்பாக வெளிவந்தன. ஒரே கருவி, ஒரே நிறுவனம் என்று முடங்கியதால்தான் அந்த முயற்சி வேர்விடவில்லை என்பேன்.

இன்று அந்தக் குறை இல்லை. இணையம் வழியே சேர்ந்து வாசிக்க உதவும் சேஃப் குழுவினரின் 'ஜாக்டிரிப்' மென்பொருள் இலவசம். 2005இல் வந்த 'நின்ஜாம்' இன்னும் துணிச்சலானது. அது தாமதத்தோடு மல்லுக்கட்டுவதில்லை; அதை ஒரு முழுச் சுற்றாகவே நீட்டிவிடுகிறது. மற்றவர் சென்ற ஆவர்த்தனத்தில் வாசித்ததைக் கேட்டபடி நீங்கள் இந்த ஆவர்த்தனத்தை வாசிப்பீர்கள். மேற்கத்தியக் கூட்டிசைக்கு இது சங்கடம். சுழன்று சுழன்று வரும் நம் தாளத்துக்கோ இயல்பாகப் பொருந்தும்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, ஒரே லயத்தில் வளர்ந்த மேளக்காரர்கள் கிள்ளான், ஷா ஆலம், ரவாங் என்று பிரிந்து போனார்கள். மீண்டும் சேர்ந்து வாசிக்க ஒரு மடிக்கணினி, ஒரு ஒலிவாங்கி, வைஃபைக்குப் பதிலாக ஒரு கம்பி இணைப்பு போதும். தம்பிகளே, அடுத்த திருவிழாவுக்கு முன் ஒருமுறை முயன்று பாருங்கள். வாசித்ததைப் பதிவு செய்தும் வையுங்கள்.