விரிதாளில் கணக்குப் போடுவது யார்?

கிடைவரிசைகளும் நெடுவரிசைகளும் சந்திக்கும் கட்டங்களில் எண்களையும் எழுத்துகளையும் இட்டு, ஒரு கட்டத்தின் மதிப்பு மாறும்போது அதைச் சார்ந்த மற்றக் கட்டங்களும் தாமாகவே மாறும்படி அமைந்த கணினிக் கணக்கேடு விரிதாள் எனப்படுகிறது. 1979இல் டான் பிரிக்ளின், பாப் ஃபிராங்ஸ்டன் ஆகிய இருவரும் ஆப்பிள் 2 கணினிக்காக உருவாக்கிய விசிகால்க்கில் தொடங்கி, 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3, 1985இல் மெக்கின்டாஷ் கணினியில் அறிமுகமான எக்செல், 2006இல் இணையத்திலேயே இயங்கத் தொடங்கிய கூகுள் ஷீட்ஸ் என்று மென்பொருள்கள் மாறிவந்தபோதும் இந்த அடிப்படை மாறவில்லை. மளிகை மொத்த வியாபாரியின் ஜிஎஸ்டி கணக்கும், பள்ளியின் மதிப்பெண் பட்டியலும், கூட்டுறவுச் சங்கத்தின் கடன் நிலுவையும் இன்று இந்தக் கட்டங்களுக்குள்தான் இருக்கின்றன. 2023 முதல் மைக்ரோசாஃப்டின் கோபைலட், கூகுளின் ஜெமினி, ஓப்பன்ஏஐயின் சாட்ஜிபிடி, ஆந்த்ராபிக்கின் கிளாட் எனச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இந்தக் கணக்கேட்டுக்குள் ஒவ்வொன்றாக நுழைந்து, பேச்சுமொழியில் கேட்டாலே விடை தருவதாக முன்வந்திருக்கின்றன. இவற்றில் எது சிறந்தது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் வேகத்தையும் விலையையும் வைத்தே விடை சொல்லப்படுகிறது. அவற்றைவிட முதன்மையான அளவுகோல் ஒன்று உண்டு: விடையைக் கணக்கிட்டது எது, அந்தக் கணக்கு நடந்த வழியைப் பின்னர் வேறொருவர் திறந்து பார்க்க முடியுமா என்பதே அது.

அந்த அளவுகோலின் பெறுமதியை, விரிதாள் பிழைகளில் மிகவும் பேசப்பட்ட ஒன்று தெளிவாகக் காட்டுகிறது. பொருளியல் அறிஞர்களான கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, அரசின் கடன் நாட்டின் மொத்த உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டிய வளர்ந்த நாடுகளில் சராசரி வளர்ச்சி விகிதம் சுழியத்துக்கும் சற்றுக் கீழே, அதாவது –0.1 விழுக்காடாக இருந்தது என்று கூறியது. அரசுச் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்டவர்கள் பல நாடுகளில் அதை மேற்கோள் காட்டினர். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் ஆய்வு மாணவராக இருந்த தாமஸ் ஹெர்ன்டன், அந்த ஆய்வின் எக்செல் கோப்பை ஆசிரியர்களிடமிருந்தே பெற்றுத் திறந்து பார்த்தபோது, சராசரி காணும் வாய்பாடு 20 நாடுகளை உள்ளடக்க வேண்டிய இடத்தில் 15 நாடுகளோடு நின்றுவிட்டதையும், ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்தும் விடுபட்டிருந்ததையும் கண்டார். மைக்கேல் ஆஷ், ராபர்ட் பாலின் என்னும் தம் பேராசிரியர்களோடு சேர்ந்து 2013இல் அவர் வெளியிட்ட மறு ஆய்வில், இந்தப் பிழையோடு வேறு சில தேர்வுகளையும் திருத்தியபின் அந்தச் சராசரி 2.2 விழுக்காடாக உயர்ந்தது. வேறுபாட்டின் பெரும்பகுதி அந்த மற்றத் தேர்வுகளால் வந்ததுதான். ஆனால், வாய்பாடு கட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருந்ததால்தான் ஒரு மாணவரால் பிழையின் இடத்தைச் சுட்டிக்காட்ட முடிந்தது என்பது இங்கு நினைவில் வைக்கத்தக்கது. கட்டத்தில் வெறும் எண் மட்டும் இருந்திருந்தால் அந்தப் பிழை இன்றும் உண்மையாகவே உலவிக்கொண்டிருக்கக்கூடும்.

புதிய கருவிகளின் அடியில் இயங்குவது மொழி மாதிரி. பெருந்திரளான எழுத்துகளைப் படித்து, ஒரு தொடருக்கு அடுத்து எது வருவதற்கு வாய்ப்பு மிகுதி என்று கணிக்கக் கற்றுக்கொண்ட மென்பொருளையே இப்பெயர் குறிக்கிறது. எண்ணையும் அது சில இலக்கங்கள் கொண்ட துண்டுகளாக நறுக்கி எழுத்தைப் போலவே கையாளுவதால், இரண்டு சிறு எண்களைச் சரியாகக் கூட்டிவிடும் அதே மாதிரி, ஆறிலக்கத் தொகைகள் நாற்பதைத் தன்போக்கில் கூட்டச் சொன்னால், பார்வைக்குப் பொருத்தமாகத் தோன்றும் தவறான விடையைத் தயக்கமின்றித் தரக்கூடும். இந்தக் குறையைக் கருவிகளை உருவாக்குவோர் நன்கு அறிவார்கள். ஆகவே கணக்கிடும் வேலையை மாதிரியிடமிருந்து எடுத்து வேறொன்றிடம் ஒப்படைக்கும் வழிகளை அமைத்திருக்கிறார்கள். எந்தக் கருவி எந்த வழியை எப்போது கைக்கொள்கிறது என்பதிலேயே உண்மையான வேறுபாடு இருக்கிறது.

முதல் வழியில் கருவி வாய்பாட்டை மட்டும் எழுதித்தர, கணக்கை விரிதாளே செய்கிறது. எக்செலில் உள்ள கோபைலட்டிடமோ கூகுள் ஷீட்ஸில் உள்ள ஜெமினியிடமோ, மாவட்டவாரியாக நிலுவைத் தொகையைக் கூட்டித் தரும்படி கேட்டால், அதற்குரிய வாய்பாட்டை விளக்கத்தோடு முன்வைக்கின்றன. ஏற்றுக்கொண்டபின் அது சாதாரண வாய்பாடாகவே கட்டத்தில் தங்குகிறது, தரவு மாறினால் விடையும் மாறுகிறது. இந்தச் சிந்தனைக்கு முன்னோடியும் உண்டு. மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் சுமித் குல்வானி செய்த ஆய்விலிருந்து பிறந்து எக்செல் 2013இல் இடம்பெற்ற ‘ஃபிளாஷ் ஃபில்’ வசதி, பயனர் ஓரிரு எடுத்துக்காட்டுகளைத் தட்டச்சு செய்தவுடன் அவற்றின் ஒழுங்கை ஊகித்து மீதிக் கட்டங்களை நிரப்பியது. வாய்பாடு எழுதும் வழியில் சிறு கடைகள் பெரும்பாலும் சந்திக்கும் சிக்கல் மென்பொருளின் பதிப்பைச் சார்ந்தது: புதிய கருவிகள் விரும்பிப் பரிந்துரைக்கும் ‘எக்ஸ்லுக்கப்’ என்னும் தேடல் சார்பு எக்செல் 2016, 2019 பதிப்புகளில் கிடையாது என்பதால், பழைய பதிப்பை வைத்திருப்பவர் அதைக் கேள்வியிலேயே குறிப்பிட்டு, ‘விலுக்கப்’ போன்ற பழைய சார்பைக் கேட்டுப் பெற வேண்டும்.

இரண்டாம் வழியில் கருவி பைத்தான் போன்ற மொழியில் ஒரு நிரலை எழுதி, அதை விரிதாளுக்கு வெளியே பாதுகாப்பான கணினிச் சூழலில் இயக்கி, முடிவை மட்டும் கொண்டுவருகிறது. 2023 ஜூலையில் கட்டணப் பயனர்களுக்குப் பரவலாகத் திறக்கப்பட்ட சாட்ஜிபிடியின் ‘கோட் இன்டர்பிரெட்டர்’ இந்த வழியைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது. கிளாடும் கோப்புகளை இவ்வாறே ஆராய்கிறது. எக்செலின் ஒரு தாள் 10,48,576 கிடைவரிசைகளுக்கு மேல் கொள்ளாது என்ற எல்லை இங்கு தடையாவதில்லை. பல கோப்புகளை இணைப்பது, தாறுமாறான தரவைச் சீராக்குவது போன்ற பெரும் வேலைகளை இவ்வழி நன்றாகவே செய்கிறது. கூட்டல் கழித்தலும் சரியாகவே நடக்கும், ஏனெனில் அதைச் செய்வது நிரல். தவறு நுழைவது அதற்கு முந்தைய படியில், தரவை நிரல் எவ்வாறு படித்துக்கொண்டது என்பதில்தான், அதிலும் இந்தியக் கணக்குகளில் தனிக் கவனம் தேவைப்படுகிறது. 05/04/2025 என்று எழுதினால் இங்கு அது ஏப்ரல் 5. பைத்தானின் பாண்டாஸ் தொகுப்போ, வேறு கட்டளை இல்லாதபோது முதலில் வருவதை மாதமாகக் கொண்டு மே 4 என்று படிக்கும். நிதியாண்டின் தொடக்கத்தில் வந்த விற்பனை இப்படி ஒரு மாதம் தள்ளிப்போய் நின்றால், மொத்தத் தொகை சரியாகவே இருக்க மாதவாரிக் கணக்கு மட்டும் பிசகிவிடும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களையே துல்லியமாக வைத்துக்கொள்வதால், பதினாறு பதினேழு இலக்க வங்கிக் கணக்கு எண்கள் எழுத்தாகக் குறிக்கப்படாவிட்டால் கடைசி இலக்கங்கள் சுழியமாகிவிடும். அவ்வாறு சிதைந்த கோப்பை எந்தக் கருவியிடம் கொடுத்தாலும் இழந்த இலக்கம் திரும்பாது.

மூன்றாம் வழியே மிகுந்த எச்சரிக்கைக்குரியது. 2025 ஆகஸ்டில் எக்செல் சோதனைப் பயனர்களுக்கு அளித்த ‘கோபைலட்’ சார்பும், கூகுள் ஷீட்ஸின் ‘ஏஐ’ சார்பும் மொழி மாதிரியையே கட்டத்துக்குள் கொண்டுவந்து, அதன் விடையை நேரடியாக அங்கே எழுதுகின்றன. வாடிக்கையாளர்கள் எழுதிய ஆயிரம் கருத்துகளைப் பாராட்டு, குறை, கேள்வி என்று பிரிக்க வேண்டும் என்றாலோ, ஒரே கடையின் பெயர் நான்கு விதமான எழுத்துக்கூட்டலில் பதிவாகியிருப்பதை ஒன்றாக்க வேண்டும் என்றாலோ, வழக்கமான வாய்பாடுகள் திணறும் இடத்தில் இந்தச் சார்புகள் மிகுந்த பயன் தருகின்றன. சொற்களின் பொருளை எடைபோடுவதே மொழி மாதிரிக்குக் கைவந்த வேலை. ஆனால் துல்லியமோ, மறுமுறையும் அதே விடை வர வேண்டும் என்ற உறுதியோ தேவைப்படும் பணிகளுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றும், எண் கணக்குகளுக்கு எக்செலின் வழக்கமான வாய்பாடுகளையே நாட வேண்டும் என்றும் மைக்ரோசாஃப்டே தன் வழிகாட்டியில் எச்சரித்திருக்கிறது. உருவாக்கிய நிறுவனமே வெளிப்படையாகச் சொன்ன இந்த வரம்பு, விளம்பரங்கள் சென்றடையும் அளவுக்குப் பயனர்களைச் சென்றடையவில்லை என்பது வருந்தத்தக்கது.

இந்த மூன்றையும் கலந்து, பயனர் சொன்ன குறிக்கோளைப் பல படிகளாகப் பிரித்துத் தாமே பணிப்புத்தகம் முழுவதையும் மாற்றியமைக்கும் முகவர் வகைக் கருவிகள் 2025இல் வரத் தொடங்கின. அவற்றை அளப்பதற்குப் பயன்படும் ஸ்பிரெட்ஷீட்பெஞ்ச் என்ற தேர்வு, எக்செல் பயனர்கள் உண்மையில் கேட்ட 912 கேள்விகளைத் திரட்டி 2024இல் அமைக்கப்பட்டது. எக்செலுக்கான ‘ஏஜென்ட் மோட்’ வசதியை 2025 செப்டம்பரில் வெளியிட்டபோது, இத்தேர்வில் அது 57.2 விழுக்காடும் மனிதர்கள் 71.3 விழுக்காடும் பெற்றதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. இத்தகைய எண்கள் விரைவாக உயரக்கூடியவை; எனினும் பயிற்சி பெற்ற மனிதரும் பத்தில் மூன்று கேள்விகளில் தவறும் துறை இது என்பதையும், எந்தக் கேள்விகளில் தவறினோம் என்பதைக் கருவி தானாக முன்வந்து சொல்வதில்லை என்பதையும் அந்த ஒப்பீட்டோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

விலையைப் பொறுத்தவரை நிலைமை அடிக்கடி மாறுகிறது. 2023 நவம்பரில் பெருநிறுவனங்களுக்கு வந்தபோது கோபைலட்டுக்கு ஆளொன்றுக்கு மாதம் 30 டாலர் கூடுதல் கட்டணம் வைக்கப்பட்டது. கூகுளோ 2025 தொடக்கத்தில் ஜெமினியைத் தன் வணிகச் சந்தாக்களுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோகோ நிறுவனத்தின் சோகோ ஷீட்டிலும் ‘சியா’ என்னும் உதவிக்கருவி கேள்விகளுக்கேற்ற வரைபடங்களையும் சுருக்க அட்டவணைகளையும் பரிந்துரைக்கிறது. கட்டணத்தைவிட ஆழமாக எண்ண வேண்டியது தரவு எங்கே போகிறது என்பதே: ஊழியர் சம்பளமும் மாணவர் மதிப்பெண்ணும் நோயாளி விவரமும் கொண்ட கோப்பை அரட்டைக் கருவியில் ஏற்றினால் அது வேறொருவரின் கணினிக்குச் செல்கிறது, தனிநபர் தரவைக் கையாளுவோர் மீது அதைப் பாதுகாக்கும் கடமையை 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுமத்துகிறது. கோப்பை அனுப்பாமலேயே, நெடுவரிசைகளின் தலைப்புகளையும் கற்பனையான இரண்டு மூன்று வரிசைகளையும் மட்டும் கொடுத்து வாய்பாட்டைக் கேட்டு வாங்கி, சொந்தக் கணினியில் ஒட்டிக்கொள்ளலாம். இதற்குக் கட்டணமில்லாத அரட்டைக் கருவி போதும். விலையின்றிக் கிடைக்கும் லிபர்ஆஃபிஸ் கால்க்கிலும் இம்முறை செல்லும். சிறு நிறுவனங்களுக்கும் பள்ளிகளுக்கும் மற்ற எல்லாவற்றையும்விட இதுவே ஏற்ற வழி.

எந்த வழியைத் தேர்ந்தாலும், முடிவு வந்தபின் செய்ய வேண்டிய சோதனைகள் எளியவை. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2020இல், 65,536 கிடைவரிசைகளுக்கு மேல் இடமில்லாத பழைய எக்செல் வடிவத்தில் பரிசோதனை முடிவுகளைச் சேர்த்ததால், செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 கோவிட் தொற்றுகள் அன்றாடக் கணக்கில் ஏறாமலே போயின. உள்ளே சென்ற வரிசைகளையும் வெளியே வந்த வரிசைகளையும் ஒவ்வொரு நாளும் எண்ணி ஒப்பிட்டிருந்தால் அது முதல் நாளே தெரிந்திருக்கும். செயற்கை நுண்ணறிவு திருப்பித் தரும் கோப்பிலும் முதலில் எண்ண வேண்டியது வரிசைகளைத்தான். அடுத்து, மூலக் கோப்பின் மொத்தத் தொகையை ‘சம்’ சார்பால் தனியே கூட்டி ஒப்பிட வேண்டும். பின்னர் நாள், கணக்கு எண் ஆகிய நெடுவரிசைகளில் ஒரு சிலவற்றை மூலத்தோடு கண்ணால் சரிபார்க்க வேண்டும். ஒன்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ உள்ள கோப்பில் மாற்ற வரலாறு சேமிக்கப்படுவதால் கருவி செய்த திருத்தத்தைத் திரும்பப் பெறலாம்; அரட்டைக் கருவியிலிருந்து பதிவிறக்கிய கோப்புக்கு அந்த வரலாறு இல்லாததால், மூலக் கோப்பின் படியொன்றை நாளிட்ட பெயரில் முன்னரே தனியே வைத்துவிட்டு, எல்லா மாற்றங்களையும் இன்னொரு படியில் மட்டுமே செய்யவிட வேண்டும்.