வைரஸ்களை எண்ணுவது எப்படி?

எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒருவரின் ஆய்வுச் சீட்டில் "மில்லி லிட்டருக்கு 40,000 நகல்கள்" என்று எழுதியிருக்கிறது. இந்த வைரஸின் குறுக்களவு ஒரு மில்லி மீட்டரில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நமது கல்லூரி நுண்ணோக்கியில் தெரியாது. பின் எண்ணியது யார்?

யாரும் எண்ணவில்லை. பெருக்கிப் பார்த்துக் கணக்கிட்டார்கள்.

இரத்தத்தைச் சுழற்றி, அணுக்களை நீக்கி, தெளிந்த பிளாஸ்மாவிலிருந்து வைரஸின் ஆர்.என்.ஏ.வைப் பிரிக்கிறார்கள். ஒரு வைரஸில் இரண்டு ஆர்.என்.ஏ. இழைகள் உண்டு, ஆகவே 40,000 நகல்கள் என்பது 20,000 வைரஸ்கள். இதை டி.என்.ஏ.வாக மாற்ற ஒரு நொதி தேவை. டெமினும் பால்ட்டிமோரும் 1970-இல் தனித்தனியே கண்டறிந்தது அது. வேடிக்கை என்னவென்றால், நம் உயிரணுவில் புகுந்து எச்.ஐ.வி. தன் வேலையைத் தொடங்குவதும் இதே வகை நொதியைக் கொண்டுதான்!

அடுத்தது, கேரி மல்லிஸ் 1983-இல் கண்ட பி.சி.ஆர். முறை. சுமார் 95 பாகை வெப்பத்தில் டி.என்.ஏ.வின் ஈரிழைகள் பிரிகின்றன. சூடு தணிந்ததும் ஒவ்வோர் இழைக்கும் புதுத்துணை வளர்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் நகல்கள் இரட்டிக்கின்றன. கூடவே ஒளிர்பொருளின் ஒளியும் கூடுகிறது. ஒளி ஒரு குறித்த அளவைத் தாண்டுவது எத்தனையாவது சுற்றில் என்று கருவி குறித்துக்கொள்கிறது.

ஒரு குழாயில் 10,000 நகல்களோடு தொடங்கி, 22-ஆம் சுற்றில் ஒளி தெரிந்ததாகக் கொள்வோம். வெறும் 10 நகல்களோடு தொடங்கிய குழாய் எப்போது ஒளிரும்? ஆயிரம் மடங்கு குறைவு. 2-ஐப் பத்து முறை பெருக்கினால் 1,024. எனவே 32-ஆம் சுற்றில்! அளவு தெரிந்த மாதிரிகளோடு ஒப்பிட்டால் நோயாளியின் எண் கிடைத்துவிடும்.

இங்கே மடக்கைக் கணக்கு உதவுகிறது. 40,000 என்பது 60,000 ஆனால் அஞ்ச வேண்டியதில்லை. மூன்று மடங்குக்கு உட்பட்ட மாற்றம் சோதனையின் இயல்பான ஏற்ற இறக்கமாகவே இருக்கலாம். மருந்து தொடங்கியபின் 400-ஆக இறங்கினால் அது மெய்யான வெற்றி. மருந்து உண்ணும்போதே 1,000-க்கு மேல் நின்றால், மாத்திரை தவறாமல் உண்கிறாரா என்று முதலில் பார்த்து, மறுசோதனைக்குப் பின் மருந்தை மாற்றுவது பற்றி மருத்துவர் முடிவு செய்வார்.

"கண்டறியப்படவில்லை" என்று சீட்டு வந்தால்? குணமாகிவிட்டது என்று பொருளல்ல. சில உயிரணுக்களுக்குள் வைரஸ் உறங்குகிறது. பிளாஸ்மாவைச் சோதிக்கும் கருவிக்கு அது எட்டாது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் எண் மீண்டும் ஏறும். நிறுத்தாமல் அந்த நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியே தொற்று பரவுவதில்லை.


இந்திய அரசின் ஏ.ஆர்.டி. மையங்கள் வழியே இச்சோதனையை இலவசமாகச் செய்யும் திட்டம் 2018-இல் தொடங்கப்பட்டது.