பாலையும் விட்டாச்சு... அப்புறம்?

"டாக்டர், சுத்த சைவம்தானே உடம்புக்கு நல்லது? அப்புறம் ஏன் இவளுக்கு இப்படி?"

கேட்டவர் ஒரு தாயார். பக்கத்தில் இருபத்தாறு வயது மகள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. பிறந்ததிலிருந்தே சைவம், மூன்று வருஷமாக 'வீகன்'. அதாவது பால், தயிர், நெய்கூடக் கிடையாது. கன்றுக்குரிய பாலை நாம் பறிக்கக் கூடாது என்கிற இரக்கம்தான் காரணம். நல்ல மனசு! ஆனால் சில மாதங்களாக அசதி, நாக்கில் எரிச்சல், பாதத்தில் ஊசி குத்துகிற மாதிரி மதமதப்பு.

முகம் வெளுத்திருந்தது. பாண்டு நோய்க்கு வழக்கமாகத் தருகிற கரிசாலையும் அயச் செந்தூரமும் கொடுத்துவிடலாம் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. பாதத்து மதமதப்பு என்னைத் தடுத்தது. ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். இரும்புச் சத்து சரியாகவே இருந்தது. வைட்டமின் பி12தான் அதலபாதாளத்தில்!

கீரையில் இல்லாத சத்து

"தினமும் முருங்கைக்கீரை சாப்பிடறேனே டாக்டர்?" என்றாள் அந்தப் பெண்.

முருங்கைக்கீரையில் இரும்பு உண்டு, சுண்ணாம்புச் சத்து உண்டு. பி12 மட்டும் கிடையாது. இதை உண்டாக்குவது செடியும் அல்ல, மிருகமும் அல்ல, பாக்டீரியா! புல் தின்கிற மாட்டின் இரைப்பையில் இருக்கும் பாக்டீரியா இதைத் தயாரிக்கிறது. அது பாலிலும் இறைச்சியிலும் வந்து சேருகிறது. நமக்குள்ளும் அந்த பாக்டீரியா உண்டு, ஆனால் பெருங்குடலில். உடம்பு பி12-ஐ உறிஞ்சுவதோ அதற்கு முன்னால், சிறுகுடலின் கடைசிப் பகுதியில். பந்தி முடிந்த பிறகு பாயசம் வந்து என்ன பிரயோஜனம்?

ஸ்பைருலினாவில் இருக்கிறது, பழைய சோற்றில் இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் பி12 போலத் தோன்றும் வேறொரு பொருள். நம் உடம்புக்கு உதவாது. பழைய சோறு வயிற்றுக்கு நல்லதுதான், ஆனால் பி12-க்கு அதை நம்பி இருக்க முடியாது. மூலிகையோடு வாழ்கிற சித்த வைத்தியன் சொல்கிறேன்... இந்தக் குறையைத் தீர்க்கிற மூலிகை என் பெட்டியில் இல்லை!

எது உசத்தி?

சைவம் கெடுதலா என்றால், இல்லவே இல்லை. இங்கிலாந்தில் சுமார் 48 ஆயிரம் பேரை 18 வருஷம் கவனித்து, 2019-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அசைவக்காரர்களைவிடச் சைவக்காரர்களுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்பு நோய் 22 சதவிகிதம் குறைவு. ஆனால் பக்கவாதம் 20 சதவிகிதம் அதிகம். அதே ஆய்வைச் சேர்ந்த 2020-ம் ஆண்டுக் கணக்கில், வீகன்களுக்கு எலும்பு முறிவு 43 சதவிகிதம் அதிகம். இதற்கெல்லாம் சாப்பாடு மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று புரிகிறது. எதை விடுகிறோம் என்பதைவிட, விட்ட இடத்தில் எதை வைக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

யார் உஷாராக இருக்கணும்?

பி12 ஈரலில் சில வருஷத்துக்கு இருப்பு இருக்கும். அதனால்தான் பாலை விட்டதும் ஒன்றும் தெரிவதில்லை. தெரியும்போது நரம்பு பாதித்திருக்கும். காலம் கடந்தால் அது முழுதும் திரும்பாமலே போகலாம்.

வீகன்கள் மட்டுமல்ல, 'நாங்க சைவம்' என்று சொல்லி, நாளெல்லாம் காபிக்கு ஊற்றுகிற பாலோடு நிறுத்திக் கொள்கிறவர்களும் கவனிக்க வேண்டும். ஒரு நாளைக்குத் தேவை சுமார் 2.4 மைக்ரோகிராம். ஒரு பெரிய டம்ளர் பாலில், அதாவது 250 மில்லியில், ஏறக்குறைய 1 மைக்ரோகிராம்தான் இருக்கிறது. வயதானவர்கள், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நீண்ட நாள் விழுங்குகிறவர்களுக்கும் இந்தக் குறை வரலாம்.

எல்லாரையும்விடக் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும்! தாய்க்கு பி12 இல்லையென்றால் தாய்ப்பாலிலும் குறைந்துவிடும். தலை நின்று, சிரித்து விளையாடிய குழந்தை சோர்ந்துபோய், கற்றதை மறந்து, கை கால் நடுங்கும் நிலைக்குக்கூடப் போகலாம்.

செய்ய வேண்டியது

* வீகனாக இருந்தால் பி12 மாத்திரை கட்டாயம். அளவை டாக்டரிடம் கேளுங்கள். அதையும் பாக்டீரியாவை வளர்த்துத்தான் தயாரிக்கிறார்கள், கொள்கை கெடாது. கேப்ஸ்யூல் உறை ஜெலட்டினாக இருக்கலாம், அதனால் மாத்திரையாகக் கேட்டு வாங்குங்கள்.
* ரத்தசோகை என்று நீங்களாகவே ஃபோலிக் அமிலம் மட்டும் விழுங்காதீர்கள். ரத்தம் தேறும், நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும்.
* சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு, எள். புரதத்துக்குப் பருப்பு, கொண்டைக்கடலை, சோயா.
* கீரையோடு எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் இரும்பு நன்றாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம்.

அந்தப் பெண்ணுக்கு முதலில் ஊசி, பிறகு மாத்திரை. அசதி சில வாரத்தில் போயிற்று. மதமதப்பு போக ஆறு மாதம் ஆயிற்று. "இனிமே இவ பால் குடிக்கணும்னு சொல்லுங்க டாக்டர்" என்றார் அம்மா. நான் சொல்லவில்லை. "கொள்கையை விட வேண்டாம்மா. மாத்திரையையும் விட்டுடாதே!" என்றேன்.

கன்றுக்குட்டியிடம் காட்டுகிற கருணையில் கொஞ்சத்தை உங்கள் நரம்புகளுக்கும் காட்டுங்களேன்!