உறுதியில் பெயர், கையில் அதிகாரம்?

1995 ஒக்ரோபர் 30 இரவு நாம் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது, காணி உறுதியைப் பத்திரமாகக் கட்டிக்கொண்டு நடந்த தாய்மார் பலரைக் கண்டோம். 2000 ஒக்ரோபர் 31 அன்று ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை, சமாதானத்திலும் மீள்கட்டுமானத்திலும் பெண்களுக்குப் பங்கு வேண்டுமென 1325ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. இலங்கையின் முதலாவது தேசிய செயற்றிட்டமோ 2023இல்தான் வந்தது. அது 2027 வரைக்குமானது.

அத்திட்டம் எமது வேலிக்குள் வந்துவிட்டதா?

தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் சீதனக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். கணவன் காணாமற்போயிருந்தால்? வெங்காயச் செய்கைக்குக் கடன் பெறக்கூட அவள் அக்காணியை ஈடு வைக்க முடியாது தவிக்கிறாள்.

ஆயினும் வழியுண்டு. சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றின் அனுமதியைக் கோரலாம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இறந்தாரென எழுதாமலே, காணாமற்போனாரென உறுதிப்படுத்தும் சான்றிதழையும் பெறலாம். வசதியற்றோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உண்டு.

தாய்மாரே, தயங்காது கேளுங்கள். தன் காணிக்குத் தானே கையொப்பம் இட முடியாதவளுக்குச் சமாதானம் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது.