மருந்தும் மருந்தாளுநரும்

கொல்லிமலையின் அடிவாரத்தே, நாமக்கல் மாவட்டத்தில் அமைந்த ஊர் முள்ளுக்குறிச்சி. வல்வில் ஓரி ஆண்ட அம்மலை மூலிகைகளுக்குப் பெயர் பெற்றது. மலைமேல் வாழும் மூதாட்டி ஒருவர், இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் மருந்து வாங்க அவ்வூருக்கு இறங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் நோயை ஆராய்ந்து மருந்துச் சீட்டு எழுதிவிட்டார். மூவகை மாத்திரைகள் மூதாட்டியின் கைக்கு வருகின்றன. மூன்றும் வெண்ணிறம், மூன்றும் வட்ட வடிவம். அவர்க்கோ எழுத்தறிவு இல்லை. வீடு சென்றபின் ஐயம் எழுந்தால் மீண்டும் மலையிறங்கியே கேட்க வேண்டும். ஆதலின், மருந்து கொடுப்பவர் அவரோடு பேசும் சில மணித்துளிகள் பெருமதிப்பு உடையன.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்திற்கு நான்கு உறுப்புக்களைக் கூறினார். நோயுற்றவனும் மருத்துவனும் மருந்தும் மூன்று, நான்காவது உழைச்செல்வான். இச்சொல்லுக்கு, மருந்தைத் தவறின்றிச் செய்து தருபவன் என்னும் கருத்துப்படப் பரிமேலழகர் உரை கண்டார். மருத்துவனுக்கு நிகராக அவனையும் ஓர் உறுப்பாக எண்ணியது கருதத்தக்கது. இக்காலத்தில் அவ்விடத்தில் நிற்பவருள் ஒருவரே மருந்தாளுநர்.

பிழை எவ்வெவ்வாறு நேரும்? பெயர் ஒற்றுமையால் நேர்வது ஒன்று. லாசிக்ஸ் என்பது சிறுநீரைப் பெருக்கும் மருந்து. லோசெக் என்பது வயிற்றில் சுரக்கும் அமிலத்தைக் குறைப்பது. கையெழுத்தில் இவை ஒன்றுபோல் தோன்றி மயக்கம் விளைத்தமையால், அமெரிக்க நாட்டில் 1990இல் லோசெக் என்னும் பெயரையே மாற்றினர். அளவினால் நேர்வது மற்றொன்று. 1.0 என்று எழுதியதன் புள்ளி மங்கினால் அது 10 ஆகிவிடும். நோயாளிக்குப் பத்து மடங்கு மருந்து சென்றுவிடும். குழந்தைகளுக்குரிய பாராசிட்டமால் பாகு, 5 மில்லி லிட்டரில் 125 மில்லிகிராம் உள்ளதாகவும் 250 மில்லிகிராம் உள்ளதாகவும் விற்கப்படுகிறது. புட்டியை மாற்றிக் கொடுத்தால் அளவு இரட்டிக்கும். அடுக்களைக் கரண்டியால் அளப்பதும் இடர் தருவதே. கரண்டிகள் எல்லாம் ஓரளவின அல்ல.

எல்லாவற்றினும் கொடியது காலப்பிழை. மூட்டுவாத நோய்க்கு வழங்கும் மெத்தோட்ரெக்சேட் என்னும் மாத்திரையை வாரத்திற்கு ஒருமுறையே உண்ண வேண்டும். அதனை நாள்தோறும் உண்டு எலும்பு மச்சை கெட்டு உயிர் நீத்தோர் பல நாடுகளில் உளர். மருந்து சரியானதே, நோயும் சரியாகவே அறியப்பட்டது, ‘வாரம்’ என்னும் ஒரு சொல்லே நோயாளியின் செவியில் ஏறவில்லை. மருந்துப் பிழைகளால் உலகிற்கு ஆண்டுதோறும் 4,200 கோடி அமெரிக்க டாலர் இழப்பாகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் மதிப்பிட்டது. உயிரிழப்பைப் பணத்தால் அளக்க இயலாது என்பது வேறு.

நம் நாட்டில் மருந்தியல் கல்வியைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியவர் மகாதேவ லால் சிராஃப் ஆவார். ஆண்டு 1932, இடம் காசி இந்துப் பல்கலைக்கழகம். 1948இல் மருந்தியல் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் நெடுங்காலம் மாணவர் கற்றவற்றுள் பெரும்பகுதி மருந்தை ஆக்கும் முறையே. அதை உண்பவரைப் பற்றிக் கற்றது குறைவு. 2008இல் ஆறாண்டுக் கல்வியாகிய மருந்தியல் முனைவர் பட்டப்படிப்பு ஏற்பட்டது. அதன் இறுதியாண்டு முழுவதும் பயிற்சிக்கு உரியது. மாணவர் மருத்துவரோடு நோயாளிகளின் படுக்கைதோறும் செல்வர். ஒருவர்க்கு எழுதிய மருந்துகள் தம்முள் பகைக்குமா என்று ஆராய்வர். பிழை காணின் மருத்துவர்க்கு உணர்த்துவர். மூத்தவர் எழுதியதை இளையவர் ஐயுறுவதற்குப் பணிவும் வேண்டும், துணிவும் வேண்டும். இப்பயிற்சியுள் அரியது இதுவே எனலாம். மருந்தால் விளைந்த தீங்குகளைக் குறித்து அனுப்புதற்கென 2010இல் தொடங்கிய தேசியத் திட்டத்திற்கும் அவர்கள் செய்தி விடுப்பர்.

இவ்வாறு பயின்ற மாணவி ஒருத்தி முள்ளுக்குறிச்சியில் அம்மூதாட்டியின்முன் நின்றால் என்ன செய்வாள்? “புரிந்ததா, பாட்டி?” என்று கேட்டு விடமாட்டாள். அவ்வினாவிற்கு எவரும் “புரிந்தது” என்றே விடை கூறுவர். காலை மாத்திரையின் உறையில் கதிரவனையும் இரவு மாத்திரையின் உறையில் பிறையையும் வரைவாள். பின்பு, “வீட்டில் மருமகள் கேட்டால் எப்படிச் சொல்வீர்கள்? எனக்குச் சொல்லிக் காட்டுங்கள்” என்பாள். மூதாட்டி ஒன்றை மாற்றிச் சொன்னால், விளக்கியதில் குறை என்று கொண்டு மறுபடியும் விளக்குவாள்.

இன்னும் ஒன்று கேட்பாள்: “நாட்டு மருந்து ஏதேனும் உண்கிறீர்களா?” கசப்பான சிறுகுறிஞ்சான் இலையைச் சர்க்கரைக்காக உண்பது மக்கள் வழக்கம். அது குருதியிலுள்ள சர்க்கரையைக் குறைக்க வல்லது. மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால், சர்க்கரை மிகக் குறைந்து வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் உண்டாகலாம். பாட்டி அதை மருந்தென்றே எண்ணாமையால் மருத்துவரிடம் சொல்லியிருக்கமாட்டார். “ஆமாம், தாயே, நாள்தோறும் காலையில் ஒரு பிடி” என்பாராயின், மாணவி மாத்திரைகளை உடனே கையில் கொடாமல், சீட்டுடன் மருத்துவரிடம் திரும்பிச் செல்வாள்.